கன்னத்தில் சுண்ணாம்பு

“ஒட்டல டிம்ப்னா. ராத்திரி பூரா ஊத்துச்சு, ஆனாலும் சுவருல ஈரம் ஒட்டல.”

ஹார்டுவேர் கடையின் கதவு முழுசாகத் திறப்பதற்குள் மாலக்கி இதைச் சொல்லிவிடுவார். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைக்காரி டிம்ப்னா மேசைக்குப் பின்னால் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருப்பாள். ஆட்டுக்கு மருந்து வாங்க வந்த யாரோ தாடையில் மழை சொட்ட நின்றுகொண்டிருப்பார். மாலக்கி தொப்பியைக் கழற்றி உதறுவார். அப்போது இடது கன்னம் தெரியும். கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரைக்கும் ஒரு வெள்ளைத் தீற்றல். சுண்ணாம்பு.

“இன்னிக்கும் சுவருக்கு முத்தம் குடுத்துட்டுத்தான் வந்தியா?” என்பாள் டிம்ப்னா. சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள். மரியாதையெல்லாம் அப்போதே போய்விட்டது.

“கையால தொட்டா தெரிய மாட்டேங்குதே. காலம் பூரா அடுப்பெரிக்கக் கரிமண்ணு வெட்டின கை, மரத்துப்போச்சு. கன்னத்துக்குத்தான் ஈரம் தெரியுது.”

“நீ கட்டிக்கிட்டவகூட இத்தனை முத்தம் வாங்கியிருக்க மாட்டா, பாவம்.”

“அவ என்னைக்கு ஒழுகினா?”

அயர்லாந்தில் மேயோவின் இந்தக் கரையில் பிப்ரவரி மழை மேலிருந்து விழாது, கடலிலிருந்து படுக்கைவசமாக வரும். தூறலோடு நின்றுவிட்டால் அது மழைக் கணக்கிலேயே சேராது, “மெத்துன்னு இருக்கு இன்னிக்கு” என்று ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொள்வோம். மழை மூச்சு வாங்கும் நேரத்தில் வீட்டுக்கு வீடு ஏணி வெளியே வரும். ஓட்டிலிருந்து உருண்டு விழுந்த பாசி கூரை விளிம்பு வாய்க்காலில் அடைத்துக்கொண்டு, தண்ணீர் வழிந்து சுவரில் இறங்குவதற்கு முன் அதை அள்ள வேண்டும். மாலக்கி பாசி அள்ளுவது சூப்புக் கரண்டியால். நீளப் பிடி, ஆழக் குழி, அதைவிட வாகான சாமான் கடையில் கிடையாது என்பார். டிம்ப்னாவுக்கு அதில் இன்னும் வருத்தம்தான்.

கதவு உப்பிக்கொண்டது, இழைத்துத் தா என்று யாராவது பிப்ரவரியில் கூப்பிட்டால் போக மாட்டார். “இப்ப இழைச்சீன்னா ஜூன் மாசம் மரம் காஞ்சு சுருங்கி, இடுக்கு வழியா பூனை போகும். உதைச்சுத் திறந்துக்க, போ.” நொறுங்கிய ஓடு என்றால் மட்டும் கூப்பிட்ட நிமிஷத்தில் வந்து ஏறிவிடுவார். ஊரில் அவர் கை படாத கூரை குறைவு.

அப்படிப்பட்டவரின் வீட்டு மேற்கு அறைதான் ஊரிலேயே பூஞ்சை பிடித்துக் கறுத்த அறையாக இருந்தது.

அது அவர் மகள் சோர்க்காவின் அறை. அம்மா காலமான பிறகு அப்பனும் மகளுமாக இருந்த வீடு. படித்து முடித்து அவளும் டொராண்டோவுக்குப் போனாள். அவள் போனதும் மாலக்கி அந்த அறைக் கணப்பில் நெருப்பு மூட்டவில்லை. யாருக்காக மூட்டுவது? அந்த வசந்தத்தில் சாம்பல் பிடரிக் காக்கை ஜோடி ஒன்று அந்தப் புகைபோக்கியைப் பார்த்தது. குளிர்ந்த புகைபோக்கி என்றால் அவற்றுக்குக் கல்யாண மண்டபம். சுள்ளியை ஒவ்வொன்றாக மேலிருந்து உள்ளே போட்டன, ஏதோ ஒன்று குறுக்கே சிக்கும்வரை. சிக்கியதன்மேல் கூடு கட்டின.

புகைபோக்கி அடைத்தால் அறைக்கு மூச்சு இல்லை. மேலே மூடி இல்லாததால் மழை நேரே சுள்ளியில் இறங்கி, சுள்ளியிலிருந்து சுவரில் இறங்கும். இது மாலக்கிக்குத் தெரியாததா? ஊர்ப் புகைபோக்கிகளுக்கெல்லாம் கம்பிக் கூண்டு மாட்டிவிட்டவரே அவர்தான். தன் வீட்டுக்கு மாட்டவில்லை. வருஷா வருஷம் குளிர்காலக் கடைசியில் ஒரு டப்பா வெள்ளை பெயின்ட் வாங்கிப்போய்க் கறுப்பின்மேல் அடிப்பார். வருஷா வருஷம் கறுப்பு மேலே வரும்.

ஏன் என்று டிம்ப்னா ஒருநாள் மடக்கிக் கேட்டதற்கு, ஒரு ஆணிப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டே சொன்னார்: “விடிகாலைல அதுங்க ரெண்டும் உள்ள கசகசன்னு பேசிக்கும். நான் அடுப்படில இருப்பேன். கதவு சாத்தியிருக்கும். அவ ரூம்ல யாரோ இருக்குற மாதிரியே இருக்கும்.”

அந்தத் தடவை டிம்ப்னா பெயின்ட்டுக்குக் காசு வாங்க மறந்துவிட்டாள்.

போன குளிர்காலத்தில் சோர்க்கா புருஷனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவனுக்கு இழுப்பு உண்டு. முதல் ராத்திரியே விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது அவன் நெஞ்சு. மறுநாள் இருவரும் டவுனில் ஒரு விடுதிக்குப் போய்விட்டார்கள். “வருத்தப்படாதப்பா, சுவருதான் சரியில்ல” என்றாள் மகள். பகலில் வந்தார்கள், சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், இருட்டும் நேரத்தில் கார் ஏறிப் போனார்கள். பெட்டியைத் தூக்கிப்போய் வைத்தவர் மாலக்கிதான்.

இலையுதிர்காலத்தில் சோர்க்காவுக்குப் பெண் பிறந்தாள். நெஸா. மாலக்கி பேத்தியைப் பார்த்ததெல்லாம் போனில். அதிலும் பழக்கதோஷத்தில் போனைக் காதில் வைத்துக்கொள்வார். “அப்பா, காதுதான் தெரியுது, மூஞ்சியக் காட்டு!” என்று சோர்க்கா கத்துவாள். ஊரில் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார்: “என் காதப் பாத்துச் சிரிக்கிறா.” பேரப்பிள்ளை பிறந்த வீட்டில் யாருக்குத்தான் புத்தி நேராக இருக்கிறது.

ஜனவரி கடைசி நாள் போன் வந்தது. மார்ச்சில் வருகிறோம், விடுதியில் அறை சொல்லியாயிற்று.

“ஒரே ஒரு ராத்திரி வீட்ல படுங்களேன்” என்றார் மாலக்கி.

“கைக்குழந்தப்பா. சுவரப் பாத்துட்டுச் சொல்றேன்.”

மறுநாள், பிப்ரவரி முதல் தேதி, பிரிஜித் அம்மன் திருநாள். காக்கைகள் வாயில் சுள்ளியோடு வந்து இறங்கும் நாளும் அதுதான். வந்தபோது புகைபோக்கி உச்சியில் மாலக்கி உட்கார்ந்திருந்தார். மேலிருந்து கழியால் குத்தினார், கீழே வந்து இழுத்தார். சாக்குச் சாக்காகச் சுள்ளி வந்தது, கூடவே ஆட்டு ரோமம், ஒரு குழந்தைக் காலுறை, எப்போதோ கொடியில் காணாமல்போன சோர்க்காவின் தலைமுடி நாடா. நாடாவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மற்றதைக் கொளுத்தினார். ஈரச் சுள்ளி, புகைந்து தொலைத்தது. புகைபோக்கி வாயில் மூடிபோட்ட கம்பிக் கூண்டு ஒன்றை வைத்தார். பழைய பெயின்ட்டைச் சுரண்டியெடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார், சுவர் மூச்சுவிடட்டும் என்று. ராப்பகலாகக் கணப்பில் கரிமண் எரிந்தது. அவர் கன்னம் வெளுக்க ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

காக்கைகள் இரண்டும் ஒரு வாரம் கூரை முகட்டிலேயே நின்றன, வாயில் வைத்த சுள்ளியைக் கீழே போடாமல், கம்பிக் கூண்டையே பார்த்துக்கொண்டு. மாலக்கி கொட்டகைச் சுவரில் அவற்றுக்கென ஒரு மரப்பெட்டி அடித்து வைத்தார். சீந்தவில்லை.

ஒரு விஷயம் மட்டும் டிம்ப்னாவுக்கு உறுத்தியது. கூண்டை அவர் ஸ்க்ரூ போட்டு முடுக்கவில்லை. வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றால் கட்டியிருந்தார், இழுத்தால் அவிழும் சுருக்கு.

“ஊருக்கெல்லாம் ஸ்க்ரூ, உன் வீட்டுக்குக் கயிறா? முதல் காத்துக்கே அது ஸ்காட்லாந்து போய்ச் சேந்துரும்.”

“அவ வந்து ஒரு ராத்திரி படுக்கட்டும், பாக்கலாம். இல்லன்னா...” தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். “இல்லன்னா அதுங்களாவது வந்து இருக்கட்டுமே.”

நேற்று மத்தியானம் வந்தார்கள். நல்ல மழை. சோர்க்கா கோட்டைக்கூடக் கழற்றாமல் நேரே மேற்கு அறைக்குப் போனாளாம். மாலக்கி வாசற்படியிலேயே நின்றாராம், பேத்தியை வாங்கிக்கொள்ளக்கூடக் கை நீட்டாமல். ஊருக்கு இவ்வளவுதான் தெரிந்தது. விடுதிப் பக்கம் கார் போனதா என்று பார்க்கச் சாயங்காலம் இரண்டு பேர் வேலையே இல்லாமல் ரோட்டில் நின்றார்கள். இருட்டுகிறவரை போகவில்லை.

இன்று காலை கடை திறந்ததும் மாலக்கி வந்தார். கதவைத் திறக்கும்போது எதுவும் சொல்லவில்லை. தொப்பியைக் கழற்றினார். கன்னத்தில் வெள்ளை இல்லை. அந்த மேற்கு அறைக்குள் இன்று அவர் எப்படிப் போவார்?

டிம்ப்னா தேநீரை வைத்துவிட்டாள்.

“ஸ்க்ரூ குடு. புகைபோக்கிக் கூண்டுக்கு” என்றார். “துருப்பிடிக்காததா, நீளமா.”

எடுத்துக் காகிதத்தில் சுற்றினாள். “மழை விட்டிருக்கு. இப்பவே போய் ஏறி ட்ரில் போட்டு முடுக்கிரு.”

மாலக்கி அவளை ஒரு மாதிரிப் பார்த்தார், இந்த வயசிலும் இவளுக்கு இது தெரியவில்லையே என்பதுபோல.

“இப்பவா? நல்லா கேட்ட போ. குழந்தை தூங்குது.”