துவக்குக்கு வைத்த பொட்டு

எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் நான் விடமாட்டேன். பிரிட்ஜுக்கு வைத்தேன், காருக்கு வைத்தேன், மகனின் லப்டொப்புக்கும் வைத்தேன். இவர் ஆசை ஆசையாய் வாங்கி வந்த வேட்டைத் துவக்கை மட்டும் விடுவேனா? சுவாமிப் படத்தடியில் கிடத்தி, கட்டையில், குழாயில், மேலே பூட்டியிருந்த தொலைநோக்கியில் என்று தாராளமாகப் பொட்டு வைத்துவிட்டேன்.

அறுபது தாண்டிய மனிசனுக்குத் துவக்கு எதற்கு என்று வாங்குமுன்பே சண்டை பிடித்தேன். சிலாபத்துத் தென்னங்காணியில் காட்டுப்பன்றி கன்றுகளைக் கிண்டுகிறதாம். பன்றிக்கு வேலி அடிக்கலாமே! இவர் கேட்கவில்லை. இளமையில் தகப்பனோடு வேட்டைக்குப் போனவர், குறி தப்பாதவர் என்ற பெயர் வேறு.

என் எரிச்சலுக்குக் காரணம் பன்றி இல்லை. கொஞ்ச நாளாக இவருடைய வலது கை நடுங்குகிறது. தேத்தண்ணிக் கோப்பை பீரிசுத் தட்டில் கடகடக்கும். சட்டைப் பொத்தான் போட நேரமெடுக்கும். நான் காணாதது போல் இருந்தேன். இவருடைய அண்ணருக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் அவருக்குச் சோறு ஊட்டிவிட வேண்டி வந்தது.

ஒரு ஞாயிறு காலை துவக்கைச் சோதிக்கச் சூட்டுத் திடலுக்குப் போனோம். அங்கே பொறுப்பாயிருந்த சிங்களவர் தூரத்தில் கடதாசி இலக்கைக் கட்டி, மேசையில் மணல்மூட்டை வைத்துக் கொடுத்தார். இவர் சுட்டார். முதல் சூடு இடப்பக்கம். அடுத்தது மேலே. மூன்றாவது கடதாசியிலேயே படவில்லை.

“இஞ்சேர், நீ தொலைநோக்கித் திருகெல்லாம் சந்தனத்தை அப்பி வச்சிருக்கிறாய். அதுதான் குறி விலகுது!” என்று என்மேல் பாய்ந்தார்.

வேறு நாளென்றால் ஒன்றுக்கு ஒன்பது சொல்லியிருப்பேன். அன்று எனக்கு அந்த ஏச்சு இனித்தது.

“ஓமப்பா, என்ரை பிழைதான். கூடத்தான் அப்பிப்போட்டன்.”

முருகா, என் பொட்டால் வந்த பிழையாகவே இருக்கட்டும் என்று மன்றாடினேன். இல்லாவிட்டால் துவக்கே பழுதாக இருக்கட்டும், காசு போனால் போகட்டும்.

அந்த மனிதர் சிரித்துக்கொண்டே சந்தனத்தைத் துடைத்தார். திருகு எதையும் அசைக்கவில்லை; குறி விலகியிருந்தால் அது விலகியபடியேதான் இருந்திருக்கும். தானே உட்கார்ந்து மூன்று முறை சுட்டு, கடதாசியைக் கழற்றி வந்து காட்டினார். நட்டநடுவில் மூன்று ஓட்டைகள், ஒரு பொட்டால் மறைத்துவிடலாம் போல நெருக்கமாக.

“துவக்குவே வரதக் நே, மஹத்தயா” என்றார். துவக்கில் பிழை இல்லையாம். நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தார், பாவம்.

இவர் கடதாசியை மடிக்கப் பார்த்தார், விரல்கள் கேட்கவில்லை. நான் வாங்கி மடித்தேன்.

காரடிக்கு வந்ததும் திறப்பை என்னிடம் நீட்டிவிட்டு, இடப்பக்கம் போய் ஏறிக்கொண்டார். என்னை ஒருநாளும் ஓட்ட விடாத மனிதர். வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதி வரும்வரை கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி இருந்தார்.

“உனக்குத் தெரியும், என்ன?”

“ஓம்.”

“எனக்கும் தெரியும். அண்ணைக்குத் தொடங்கின மாதிரித்தான்.”

“தெரிஞ்சுகொண்டு ஏனப்பா துவக்கு வாங்கினனீங்கள்?”

“துவக்குப் பிடிக்கேக்கை என்ரை கை ஒருநாளும் ஆடினதில்லை. அதைப் பிடிச்சாலாவது நிக்கும் எண்டு நினைச்சன்.”

சிவப்பு விளக்கில் கார் நின்றது. அவருடைய கையை எடுத்து என் கைக்குள் பொத்திப் பிடித்தேன். அது நடுங்கிக்கொண்டேயிருந்தது. பச்சை விழுந்துவிட்டது, பின்னால் பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். கியர் போட எனக்கு இடது கை வேண்டும். அவர் கையை விட மனம் வரவில்லை.