ஜூனில் அச்சான பத்திரிகை

காகித ஆலையை மூடிய பிறகு என் கணவர் வெர்லினுக்கு மிஞ்சியது, ஆலை நண்பர்களின் கற்பனைக் கால்பந்துக் குழு மட்டும்தான். ஆகஸ்டில் கூடி, நிஜ ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள். அந்த ஆட்டக்காரர்கள் களத்தில் எடுக்கும் புள்ளிகள் இவர்கள் கணக்கில் சேரும். தொடர்ந்து மூன்று வருடம் கடைசியில் வந்தவர் குழுவை விட்டுப் போக வேண்டும். வெர்லின் ஏற்கெனவே இரண்டு வருடம் கடைசியில் வந்துவிட்டார்.

அதனால் கோடை முழுக்க, அந்த வருட ஆட்டக்காரர்களைத் தரவரிசைப்படுத்தும் முன்னோட்டப் பத்திரிகையை வரி விடாமல் படித்தார். வேறெதையும் பார்க்கவில்லை.

ஆகஸ்டில் ஆலை நண்பன் டுவேன் வீட்டுக் கீழறையில் கூடினார்கள்; நானும் போயிருந்தேன். வெர்லின் முறை வந்தது. “டெவான் ராக்லி” என்றார், நிமிர்ந்து உட்கார்ந்து.

எல்லாரும் சிரித்தார்கள்.

“டேய் வெர்லின், அவனுக்கு முட்டி ஜவ்வு கிழிஞ்சு ரெண்டு வாரமாச்சு! இந்த வருஷம் பூரா சோபாவுலதான் ஆடுவான்!” என்றான் டுவேன்.

“இதுல முதல் ஆள்னு போட்டிருக்கே” என்றார் வெர்லின், பத்திரிகையைக் காட்டி.

“அது ஜூன்ல அச்சடிச்சதுடா. பயிற்சி முகாமே ஜூலைலதான் ஆரம்பிச்சுது. போகட்டும், வேற பேர் சொல்லு.”

“சொன்னது சொன்னதுதான்.”

மிளகாய் பீன்ஸ் குழம்பைச் சூடாக்க நான் மேலே போனேன். பீர் எடுக்க வந்த டுவேன், என்னைக் கவனிக்காமல், கூட வந்தவனிடம் கேட்டான்: “அடுத்த வருஷம் இவன் எடத்துல என் மச்சானைச் சேத்துக்கலாமா?”

கீழே வந்து வெர்லின் முன் கிண்ணத்தை வைத்தேன். அவர் விரல் பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் இருந்தது.

“ஆள் எடுக்க இன்னும் நெறைய சுத்து இருக்கு, லோர்னா” என்றார்.

நான் தலையாட்டினேன்.