கீழ் இரண்டடி

இடுப்பில் ஆணி இறங்கிய மாதிரி வலி. அன்று காலை ஆறு மணிக்குக் கடப்பாரையைத் தூக்கும்போதே கண்ணுசாமிக்கு அது தொடங்கிவிட்டது. நேரத்தைச் சரியாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது நடந்தது. நம்பாதவர்கள் சித்திரை மாத உச்சி வெயிலில் திருச்செங்கோட்டுக்கு வடக்கே இருக்கும் அந்தச் சுடுகாட்டில் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்து பேசட்டும்.

பெயர்தான் சுடுகாடு. அங்கே புதைப்பதே அதிகம். ஒரு காலத்தில் மூன்று ஏக்கர். காலரா வந்த வருசம் மாட்டுவண்டியில் கொண்டுவந்து ஒரே நீளக் குழியில் அடுக்கினார்களாம். அந்த வரிசை இப்போது யாரோ ஒருவரின் மக்காச்சோளத்துக்கு அடியில் கிடக்கிறது. மறுபக்கத்தைத் தார்ச்சாலை தின்றது. மிச்சம் நாற்பது சென்ட், அதிலும் பாதி சீமைக் கருவேலம். கொட்டகைக்குத் தகரம் இல்லை. அடிகுழாய்க்குக் கைப்பிடி இல்லை. இடம் இல்லாததால் ஒருவர் படுத்த இடத்திலேயே பத்து வருசத்தில் இன்னொருவர் மேலே வருவார். அதனால்தான் முதலில் படுப்பவருக்கு ஆறடி வெட்ட வேண்டும், மேலே வருகிறவருக்கு நாலடி போதும். நாலடியில் படுத்தவருக்கு, அடுத்த குழி வெட்டுகிறவனின் கடப்பாரை நேராக நெஞ்சில் இறங்கும்.

முப்பது வருசமாகக் கண்ணுசாமியும் சென்றாயனும் சேர்ந்துதான் வெட்டினார்கள். சென்றாயன் கண்ணுசாமியின் தங்கை புருசன். மேல் நாலடி கண்ணுசாமிக்கு, கீழ் இரண்டடி சென்றாயனுக்கு. அடியில் குழி இடுக்கு. உள்ளே நின்று கடப்பாரை ஓங்கக் குள்ளமான ஆள்தான் சரி. போன மாதம் வெட்டிய குழிக்குள் நின்றுகொண்டு சென்றாயன் சொன்னான்:

“மேல பஞ்சாட்டம் மண்ணு. அத வெட்டிப்போட்டு இடுப்பப் புடிச்சுக்கற. சுக்கான் கல்லு பூராத்துக்கும் நானு. நல்ல பங்கு மச்சான்.”

“குள்ளனுக்கு வேற என்ன வேலை இருக்குது. வெட்டு.”

“செரி. எனக்கு வெட்டறப்ப அந்தக் கீழ் ரெண்டடியும் நீதான் வெட்டோணும். கொறஞ்சுதுன்னா ஏந்திரிச்சு வந்து கேப்பேன்.”

இருவரும் சிரித்தார்கள்.

அன்று குழி சின்னாயிக்கு. கூலி வேலை செய்தே மகனை ஆளாக்கியவள். மகன் தமிழரசு போர்வெல் வண்டியில் வேலைக்கு வடக்கே போயிருந்தான். சென்றாயன் முந்தின நாள் மேட்டூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தான். மொதல் பஸ்சுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான். வரவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை.

பத்தரை மணிக்குச் சுக்கான் தட்டியது. வெள்ளைக் கல். அடித்தால் கடப்பாரை திரும்பிக் கையைத்தான் உதறியது. நாலு முறை ஓங்கினான். ஐந்தாவதற்கு இடுப்பு நிமிரவில்லை. தவழ்ந்து மேலே ஏறி, அடிக்கொன்றாக ஆறு வெட்டுப் போட்ட மூங்கில் கோலைக் குழிக்குள் விட்டுப் பார்த்தான். நாலாவது வெட்டு.

தலைமகன் குழிக்குள் இறங்கித் தாயின் தலையைத் தாங்கி வாங்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். ஆறடியில் ஆள் தலை மறையும். நாலடியில் நெஞ்சு வரைக்கும் வெளியே தெரியும். ஊரே பார்க்கும். முப்பது வருசப் பேர் ஒரே நாளில் போகும்.

பதினொன்று பதினைந்துக்குத் தமிழரசு கூப்பிட்டான். “மாமா, கோயமுத்தூர்ல எறங்கீட்டனுங்க. வர மூணு மணி ஆயிரும். குழி ஆச்சுங்களா?”

“ஆச்சு சாமி.”

“ஆறடிங்களா? அம்மா மேல நாளைக்கு யாரும் கடப்பாரையப் போட்றக் கூடாதுங்க.”

“ஆறடி சாமி.”

சொல்லிவிட்டான்.

வெட்டிய குழியைக் காலியாக விட்டுப் போகக் கூடாது. இரும்பைக் குறுக்கே போட்டு, வெட்டினவனே காவல் இருக்க வேண்டும். கண்ணுசாமி கடப்பாரையைக் குழிமேல் குறுக்காகக் கிடத்தினான். இருபதடி தள்ளிக் கொட்டகைத் தூண் நிழலில் சாய்ந்தான். காற்று இல்லை. காக்காய்கூட இல்லை.

பன்னிரண்டு ஐந்து.

டங்...

சாலையில் லாரி என்று நினைத்தான். சாலையில் எதுவும் போகவில்லை.

டங்... டங்...

திரும்பிப் பார்த்தான். குழிமேல் கிடத்திய கடப்பாரை அங்கே இல்லை.

யாராவது எடுத்துப் போயிருப்பார்கள் என்று மனசைத் தேற்றினான். யார் எடுப்பது? அங்கே அவனைத் தவிர உயிருள்ள ஆள் யாரும் இல்லை. குழியோரம் அவன் அள்ளிப்போட்ட செம்மண் குவியல். அதன் உச்சியில் இப்போது வெள்ளையாக ஏதோ சிதறிக் கிடந்தது. சுக்கான் கல்.

பன்னிரண்டு இருபது. சரக்... என்று ஒரு சத்தம். குழிக்குள்ளிருந்து ஒரு கூடை மண் மேலே வந்து விழுந்தது.

அப்புறம் இன்னொரு கூடை.

எழுந்து ஓடத்தான் நினைத்தான். இடுப்பு விடவில்லை. தவழ்ந்தான். சாலைப் பக்கம் போவதாக நினைத்துக்கொண்டு தவழ்ந்தவன், நிமிர்ந்தபோது குழி விளிம்பில் இருந்தான்.

உள்ளே யாரும் இல்லை.

கடப்பாரை மட்டும் நடுவில் நட்டுக்கொண்டு நின்றது. அதன் தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது... இப்போதுதான் யாரோ கையை எடுத்த மாதிரி.

கோலை உள்ளே விட்டான். ஐந்தாவது வெட்டு.

ஒரு மூச்சுச் சத்தம் கேட்டது. வேலை செய்கிறவன் அலுத்துப்போய் விடும் மூச்சு. அவன் முகத்துக்கு நேர் கீழே.

கண்ணை மூடிக்கொண்டான்.

டங்...

மூடியே கிடந்தான்.

டங்...

டங்...

நின்றது.

கண்ணைத் திறந்து போனைப் பார்த்தான். ஒன்று பத்து.

கடப்பாரை மறுபடியும் குழிமேல் குறுக்காகக் கிடந்தது. தொட்டான். அந்த வெயிலில் கையைச் சுட வேண்டிய இரும்பு, கிணற்றுத் தண்ணீர் போலக் குளிர்ந்திருந்தது. கோலை விட்டான்.

ஆறு.

குழிச் சுவரில் மூன்று கால்படிகள் வெட்டியிருந்தன. நெருக்கி நெருக்கி, குட்டைக்கால் ஆளுக்கு ஏற்ற மாதிரி. அப்படி வெட்டுகிறவன் ஒருவன்தான்.

“மாப்ள...?”

படிகளில் மண் உதிரவே இல்லை. வெட்டினவன் அதில் கால் வைத்து ஏறியதாகத் தெரியவில்லை.

மூன்று பத்துக்குச் சின்னாயி வந்தாள். தமிழரசு இறங்கினான். அவன் தலை மறைந்தது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

“ஏனுங்க மாமா, சுக்கான இம்புட்டு ஒடச்சிருக்கீங்க. தனியாவா வெட்டுனீங்க?”

கண்ணுசாமி குழியோரத்திலிருந்து மெல்லப் பின்னால் நகர்ந்தான்.

நாலரை மணிக்குப் போன் வந்தது. சென்றாயனின் மகள் கோகிலவாணி. அழுது ஓய்ந்த குரல்.

“மாமா... அப்பா போயிட்டாருங்க. காலைல இருந்து நெஞ்சக் கரிக்குதுன்னு சொல்லிட்டே இருந்தாரு. பன்னண்டு மணிக்கு அப்படியே சாஞ்சுட்டாரு. ஆஸ்பத்திரில ஒன்னு பத்துக்கு முடிஞ்சுருச்சுங்க.”

கண்ணுசாமி போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“நெனவே இல்லீங்க மாமா. ஆனா கை ரெண்டும் மேலயும் கீழயும் போயிட்டே இருந்துச்சு. எதையோ ஓங்கி ஓங்கிக் குத்தற மாதிரி. நாலு பேரு புடிச்சும் நிக்கல.” மூக்கை உறிஞ்சினாள். “ஒன்னு கேக்கட்டுங்களா. காலைலதான் நல்லாத் தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டாரு. அப்பறம் கட்டுல்லயே கெடந்த மனுசன். அவரு நகக்கண்ணு பூரா எப்படீங்க வெள்ளை மண்ணு வந்துச்சு?”

மறுநாள் சென்றாயனை ஊருக்குக் கொண்டுவந்தார்கள். கண்ணுசாமியால் படுக்கையைவிட்டு எழ முடியவில்லை. பொக்லைன் கூப்பிட்டார்கள். இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து அவனைக் குழியோரம் உட்கார வைத்தார்கள். வண்டிப் பல் நாலடியில் சுக்கானில் மோதிக் கிறீச்சிட்டது.

“இதுக்குக் கீழ போனா பக்கெட் ஒடஞ்சுருமுங்க. போதுமுங்களா?” என்று ஓட்டுநர் கேட்டான்.

எல்லோரும் கண்ணுசாமியைப் பார்த்தார்கள்.

அப்போது மணி பன்னிரண்டு ஐந்து. இன்னும் எவ்வளவு நேரம் அங்கே உட்கார வேண்டும் என்ற பயம்தான் அவனுக்குள் இருந்தது.

“போதும்,” என்றான்.

சென்றாயனை நாலடியிலேயே வைத்து மூடிவிட்டார்கள்.

இடுப்பு தேறி ஆறு மாதம் ஆகிறது. கண்ணுசாமி இப்போது குழி வெட்டப் போவதில்லை. உச்சி நேரத்தில் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறான். கடப்பாரை கதவுக்கு வெளியே சுவரில் சாத்தியபடி நிற்கிறது. சில நாள் ஒன்று பத்துக்கு அவன் வெளியே வந்து தொட்டுப் பார்த்தால், அது குளிர்ந்திருக்கிறது.

சென்றாயனுக்குக் கண்ணுசாமி இரண்டடி தர வேண்டும். இன்னும் தரவில்லை.