வெர்னீஸின் கேக்குக்கு இரண்டு பேர் வேண்டும்

செய்தி வந்தபோது மாலை நாலேகால். முதியோர் இல்லத்தின் சலவை அறையில் ஒசெல்லா சூடு ஆறாத படுக்கை விரிப்பு ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். முனைகளை விடாமல் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேசியது அக்காள் கணவர் ரூபஸ். அவர் வார்த்தைகளைச் செலவழிக்கிற மனிதர் இல்லை.

"வெர்னீஸ் போயிட்டா, ஒசெல்லா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "நாற்காலியில உக்காந்தபடியே," என்றார்.

ஒசெல்லா அந்த விரிப்பை மடித்து முடித்தாள். கூடையிலிருந்து அடுத்ததையும் எடுத்தாள். கூட வேலை செய்கிற பெண் வந்து கையைப் பிடிக்கிற வரைக்கும் மடித்துக்கொண்டேதான் இருந்தாள்.

அழுகை வரவில்லை, அலுப்புதான் வந்தது. அக்காளுக்குச் சிறுநீரகம் பழுதாகி வருஷக்கணக்காயிற்று. ரத்தம் சுத்தம் செய்ய அடுத்த ஊருக்குக் காரில் கூட்டிப்போவதும், முடிகிற வரைக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருப்பதும், துவண்ட உடம்பைக் கைத்தாங்கலாகத் திரும்பக் கொண்டுவருவதும் ஒசெல்லாவின் பாடு. ரூபஸுக்குப் பார்வை மங்கி, வண்டி ஓட்டக்கூடாதென்று சொல்லிவிட்டார்கள். இனி அந்தச் சாலையில் போக வேண்டியதில்லை என்பது அவளுக்கு உறைத்தது. உறைத்ததுமே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

அலபாமாவின் தெற்கு மூலையில், நிலக்கடலை வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. பள்ளிக்கூடம் முடித்த கோடையில் ஒசெல்லா கடலை ஆலைக்குப் போனாள். பிறகு சட்டை தைக்கிற தொழிற்சாலையில் காலர் பிரிவு. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது இந்தச் சலவை அறை. நடுவில் ஒரு கல்யாணம். அவன் வடக்கே கார் கம்பெனி வேலைக்குப் போனான், ஆள் திரும்பவில்லை. கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை மட்டும் சில வருஷம் வந்தது. எந்த இடத்திலும் அவள் நின்றுகொண்டுதான் வேலை பார்த்தாள். சாயங்காலம் காலணியைக் கழற்றினால் பாதத்தில் அதன் விளிம்பு அச்சாகப் பதிந்திருக்கும்.

வெர்னீஸ் வேறு ரகம். வாய்க்காரி. தேவாலயப் பாடகர் குழுவில் முன்வரிசை. அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அடுக்குக் கேக். விரல் கனம்கூட இல்லாத வட்டங்களாக மாவைச் சுட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் கொதிக்கக் கொதிக்கக் கொக்கோப் பாகை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பன்னிரண்டு அடுக்கு ஏற்றுவது. அந்தக் குடும்பத்துக்கு வழிவழியாக வந்த கேக். அந்தச் சபையில் யார் செத்தாலும், அடக்கம் முடிந்து கீழ்க்கூடத்தில் போடுகிற சாப்பாட்டு மேசையின் கோடியில் அது இருக்கும். வெட்டியதும் ஜனங்கள் விரல் வைத்து அடுக்கை எண்ணிப் பார்ப்பார்கள். எண்ணிவிட்டுத்தான் வாயில் வைப்பார்கள்.

அதை ஒருத்தியாகச் செய்ய முடியாது என்பது அக்காள் தங்கை இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். பாகு கெட்டிப்படுமுன் சூடான அடுக்கு வந்து விழுந்துகொண்டே இருக்க வேண்டும். வெர்னீஸ் பாகுப் பக்கம். ஒசெல்லா ஓவன் அடுப்புப் பக்கம். மாவை ஊற்றுவது, ஓரம் சிவந்ததும் எடுப்பது, கவிழ்ப்பது, மறுபடி ஊற்றுவது. பாகு கிளறுகிறவள் ஜன்னலோரம் நின்று பாடிக்கொண்டே கிளறுவாள். ஓவன் பக்கம் நிற்கிறவளுக்கு முகத்தில் அனல். ஊர் அதை வெர்னீஸின் கேக் என்றே சொன்னது. ஒசெல்லா அதைத் திருத்தியதில்லை.

போன மாதம், ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வருகிற வழியில், காரின் பின்சீட்டில் படுத்தபடி வெர்னீஸ் சொன்னாள்: "ஏய், எனக்குப் போடற சாப்பாட்டுல கடை கேக்கைக் கொண்டாந்து வச்சீங்கன்னா, பெட்டிக்குள்ளேருந்து எந்திரிச்சு வந்து தட்டி விட்டுருவேன்."

"வாயை மூடிட்டுப் படு, அக்கா," என்றாள் ஒசெல்லா. கண்ணாடியில் பார்த்தபோது அக்காள் சிரிக்கவில்லை.

அடக்கம் சனிக்கிழமை என்று முடிவாயிற்று. தேவாலயச் சமையற்கூடத்தை நடத்துகிற சிஸ்டர் ஹாட்டி வந்து, யார் எதைக் கொண்டுவருவது என்று விரல் மடக்கிச் சொன்னாள். பொரித்த கோழி ஒருத்தர், கீரை ஒருத்தர், மக்ரோனி இன்னொருத்தர். கேக்குக்குப் பெரிய கடையில் சொல்லி வைத்திருக்கிறதாம்.

"நான் செய்றேன்," என்றாள் ஒசெல்லா.

"சாவு வீட்டுக்காரங்க அடுப்புப் பத்த வைக்கிறதா? நாங்க எதுக்கு இருக்கோம்? அதும் இல்லாம, வெர்னீஸ் மாதிரி செய்யறதுக்கு இங்க யாரு இருக்கா சொல்லு."

ஒசெல்லா மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள். "அடுக்கெல்லாம் யாரு சுட்டதுன்னு நினைச்சீங்க?" என்றாள்.

ஹாட்டி அவளை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். சரி, வெள்ளிக்கிழமை ராத்திரி வரைக்கும் பார்ப்பதாகவும், ஆகவில்லையென்றால் கடைக்குப் போன் போடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளி காலையில் அக்காள் வீட்டிலிருந்து அவளுடைய அடிகனமான பாத்திரத்தையும் நீண்ட மரக்கரண்டியையும் ஒசெல்லா எடுத்துவந்தாள். சர்க்கரை, கொக்கோ, டின் பால், வெண்ணெய், எல்லாம் அவள் இருக்கும்போதே நூறு முறை பாத்திரத்தில் விழுந்த சாமான்தான். ஆனால் அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தவை. எப்போது இறக்குவது என்று அவளுக்குத் தெரியாது. "போதும்" என்று அக்காள் சொல்கிற குரல் மட்டும்தான் தெரியும். முதலில் கொஞ்சம் அடுக்குகளைச் சுட்டுத் துணி போட்டு மூடிவைத்துவிட்டுப் பாகை ஏற்றினாள். அது குமிழ் விட ஆரம்பித்த நேரம் பார்த்து வாசல் மணி அடித்தது.

சபையின் மூத்த டீக்கன் மேஃபீல்ட், வெள்ளித்தாள் மூடிய பன்றித்தொடைத் தட்டோடு நின்றார். துக்கம் கேட்க வந்தவரை வாசலில் நிறுத்த முடியுமா? உள்ளே வந்தார். தட்டை வைத்தார். அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார். வெர்னீஸுக்காக ஜெபித்தார். ரூபஸுக்காக ஜெபித்தார். பாடகர் குழுவுக்காக, படுக்கையில் கிடக்கிற சபையாருக்காக ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி ஜெபித்தார். அடுப்பறையிலிருந்து இனிப்பு வாசம் வந்தது. பிறகு அதற்கு அடியில் வேறொரு வாசம். ஒசெல்லா தாங்க மாட்டாமல், முடித்துவிடுவார் என்ற நம்பிக்கையில், "ஆமென்" என்றாள்.

பிறந்ததிலிருந்து அந்தச் சபையில் உட்கார்ந்திருக்கிறவள் செய்யக்கூடாத தப்பு அது. அங்கே ஆமென் என்றால் நிறுத்து என்று அர்த்தமில்லை, இன்னும் சொல்லுங்கள் என்று அர்த்தம். டீக்கனின் குரல் உயர்ந்தது. பிடி இறுகியது. தேவாலயத்துக் கூரை ஒழுகுவதை முதலிலிருந்து ஆண்டவருக்கு விளக்கத் தொடங்கினார்.

அவர் போன பிறகு பார்த்தால் பாத்திரத்தில் பாகு பாறையாகியிருந்தது. அக்காளின் மரக்கரண்டி அதன் நடுவில் நட்டுக்குத்தலாக நின்றது. இழுத்துப் பார்த்தாள். பாத்திரமே சேர்ந்து வந்தது. பின்வாசல் படியில் கொண்டுபோய் வைத்தாள், பிறகு வெந்நீர் ஊற்றி ஊறவைத்துக்கொள்ளலாம் என்று. அங்கேயே, பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கால் கேட்கவில்லை. கடை கேக்கே இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. செத்தவளா எழுந்து வரப்போகிறாள்? வந்தால்தான் என்ன, ஒரு கை உதவியாவது இருக்கும்.

அப்படியே இருந்தபோதுதான் ரூபஸ் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வந்தார். அவர் வீடு முழுக்க ஆட்களாம். உட்கார ஒரு நாற்காலி இல்லையாம், வெர்னீஸின் நாற்காலியைத் தவிர. அதில் யாரும் உட்காரவும் மாட்டேன் என்கிறார்கள், அதை நகர்த்தவும் மாட்டேன் என்கிறார்கள். அவர் படியிலிருந்த பாத்திரத்தைக் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். கரண்டியை ஒரு விரலால் தொட்டார்.

"இது அவளோடதுல்ல?"

"கெடுத்துட்டேன், அத்தான்."

அவர் உள்ளே போனார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, எங்கே நிற்க வேண்டும் என்று கேட்டார்.

ஓவனருகே அவரை நிறுத்தினாள். ஓரம் சிவக்கிறது அவர் கண்ணுக்குத் தெரியாது. அதனால் அவள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, எடுங்கள் என்றதும் எடுக்க வேண்டும் என்று ஏற்பாடு. தன் சொந்தப் பாத்திரத்தில் புதிதாகப் பாகு ஏற்றினாள். மணி அடித்தது. இந்த முறை ஒசெல்லா நகரவில்லை. வந்தவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள். தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போகிற காலடி கேட்டது. அந்த ஊரில் அது சின்னக் காரியம் இல்லை. நாளைக்குப் பேசுவார்கள்.

ரூபஸ் முதல் அடுக்கைக் கிழித்தார். அடுத்ததின் ஓரத்தைக் கருக்கினார். கையைச் சுட்டுக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார், வெர்னீஸ் இருந்தால் அதற்கு அவரை வீட்டை விட்டே துரத்தியிருப்பாள்.

"எடுங்கன்னா எடுக்கணும். என்ன வேடிக்கை பாத்துட்டு நிக்கிறீங்க?" என்றாள் ஒசெல்லா. சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. பிறகு அவர் மறுபடி மாவை ஊற்றினார்.

அன்றுவரை அவள் பாகுப் பக்கம் நின்றதே இல்லை. அங்கே அனல் கிடையாது, ஜன்னல் வழியாகக் காற்று வருகிறது. இத்தனை வருஷமும் அக்காள் நல்ல இடமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள் என்று நினைத்துக் கரண்டியை ஓட்டினாள். பாகு மெதுவாகக் கனத்தது. கரண்டி இழுக்கிற இழுப்பில், இப்போதுதான் அக்காள் "போதும்" என்பாள் என்று தோன்றிய இடத்தில், ஒசெல்லா இறக்கினாள். சரியாகத்தான் இருந்தது. முதல் அடுக்கின்மேல் ஊற்றியபோது அது உறிஞ்சிக்கொண்டது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நிறுத்த நேரமில்லை. அழுதுகொண்டே எண்ணினாள், அழுதுகொண்டே ஊற்றினாள். அத்தானுக்குக் கண் தெரியாதது அன்றைக்கு ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று.

முதலில் சுட்டவை ஆறிப்போனதால் ஆகவில்லை; மீதி மாவு பத்து அடுக்குக்குத்தான் வந்தது.

சனிக்கிழமை கீழ்க்கூடத்தில் ஹாட்டிதான் கேக்கை வெட்டினாள். விரலை வைத்து எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். நடுவில் ஒரு கறுத்த கோடு தெரிந்தது.

"அந்தத் தீஞ்சது என்னோடது," என்றார் ரூபஸ், தன் தட்டிலிருந்து தலை நிமிராமல்.

ஹாட்டி ஒரு வாய் போட்டுக்கொண்டாள். மென்றாள். "வெர்னீஸோட கேக்குதான்," என்றாள். பக்கத்தில் இருந்தவர்களும் ஆமாம், அதேதான் என்றார்கள். டீக்கன் இரண்டாவது துண்டு வாங்கிக்கொண்டார். ஒசெல்லாவின் பெயரை யாரும் எடுக்கவில்லை. ஆனால் மேசையில் கடை கேக் எதுவும் இல்லை. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. அதற்கு மேல் எதையும் எதிர்பார்க்கிற தெம்பு அவளிடம் மிச்சமில்லை.

தட்டுகளை அடுக்கும்போது ஹாட்டி அவள் பக்கத்தில் வந்து, பிரதர் ஓட்டிஸின் அம்மா இந்த வாரம் தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம் என்றாள். "கேக்குக்கு உன்னை நம்பித்தான் இருக்கேன்," என்றாள். ஒசெல்லா கேக் தட்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, காலணியைக் கழற்றினாள்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். வந்தவர்களின் தட்டுகளைக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்து, ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பின்வாசல் படியில் இருக்கிற பாத்திரத்துக்கு மட்டும் அவள் இன்னும் வெந்நீர் ஊற்றவில்லை.