குன்றிலிருந்து திரும்பும் பேருந்து

பேருந்தில் போய், குன்றில் நடந்து, பேருந்திலேயே வீடு திரும்ப ஆசைப்படுகிறவர்களுக்கு வழிகாட்டுவதுதான் என் இப்போதைய தொழில். இதில் குன்று ஏறுவது சுலபம், பேருந்து ஏறுவதுதான் பாடு.

நிறுத்தத்தில் நின்று, வராத பேருந்தை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்கிறேன். முதலாவது, தில்லியின் தெற்கு ஓரத்தில் ஆரவல்லிக் குன்றடியில் இருக்கும் அந்தக் கிராமத்து நிறுத்தத்தின் கூரை ஒரு புழுதிப் புயலில் பறந்தது, திரும்பப் போடவில்லை. இரண்டாவது, கூரையே இல்லாத இடத்தில் பெஞ்சு எதற்கு என்று பெஞ்சையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். மூன்றாவது, காலைப் பேருந்தை வெயில் ஏறிய பிறகு வரும்படி மாற்றினார்கள். நான்காவது, குன்றுக்குப் போகும் ஒற்றையடிப் பாதையை மறித்து ஒரு பணக்காரர் வேலி போட்டார். ஐந்தாவது, திரும்பி வரும் மாலைப் பேருந்தையே நிறுத்தப்போவதாகச் சொன்னார்கள். கிராமத்தின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஞாயிறே அங்கே கார்கள் வந்து நிற்கும்.

கார் வைத்திருந்தவர்

லோதி ரோடு அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தேன். அதைவிட அதிகமாக ஊழியர் சங்கத்தில் இருந்தேன். என் படிப்பு துண்டுப் பிரசுரத்தில் தொடங்கித் துண்டுப் பிரசுரத்தில் முடிந்தது. பட்டம் வாங்கியவர்கள் பயந்த இடங்களில் அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் பேசியிருக்கிறேன். பதவி உயர்வு இல்லாமலே ஓய்வு பெற்றேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. ஓய்வுக்குப் பிறகு ஞாயிறுதோறும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன். ஒரே நிபந்தனை: கார் கூடாது. மெட்ரோ, அதன்பின் அரசுப் பேருந்து, அதன்பின் சொந்தக் கால்.

விஸ்வநாதன் முதல் நாளே காரில் வந்து இறங்கினார். ஒரு காலத்தில் எங்கள் கோரிக்கைகளை மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்து வாங்கிவைத்துக்கொண்ட அதிகாரி அவர். காரைத் திருப்பி அனுப்பினால்தான் சேர்ப்பேன் என்றேன். முகம் சுருங்கியது, ஆனாலும் அனுப்பிவிட்டார். பேருந்தில் அவருக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கடுகு வயல்கள் மஞ்சளாக வரத் தொடங்கின. இறங்கும்போது என்னிடம் சொன்னார்: "அந்தக் காலத்துல நீங்க கேட்ட எதுவும் எனக்குப் புரியல. இந்த ஜன்னல் ஸீட்டு மட்டும் புரியறது."

மயிலுக்கும் தடை

எங்கள் பாதை எளிமையானது. கீக்கர் முள்மரங்களுக்கு நடுவே ஏறினால் பழைய கல்குவாரிப் பள்ளம் வரும். கல் வெட்டுவதை நிறுத்திப் பல காலமாகி, பள்ளத்தில் பச்சை நிறத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அங்கே உட்கார்ந்து இட்லியோ பராத்தாவோ சாப்பிட்டுவிட்டு வந்த வழியே இறங்குவோம். ஒரு ஞாயிறு போனால் பாதை இருந்த இடத்தில் முள்கம்பி. அதற்கு அந்தப் பக்கம் பண்ணைவீடு கட்டப்போகிறார்களாம்.

நான் சும்மா இருக்கிறவன் இல்லை. காவலுக்கு நின்ற பீகார் ஆளிடம், ஆடு மேய்ப்பவர்கள் காலங்காலமாக நடந்த பாதை இது, யாரைக் கேட்டு அடைத்தீர்கள் என்று ஒரு சிறு பொதுக்கூட்டமே நடத்தினேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய முறுக்குப் பொட்டலத்தை எங்கள் கூட்டத்து ஹேமா அவனிடம் நீட்டினாள். குர்காவ்ன் கம்பெனியில் வேலை பார்க்கிற, தில்லியிலேயே பிறந்த பெண். தமிழ் பேசுவாள், படிக்க வராது. நான் பேசி முடிக்கும்வரை அவன் முறுக்கு தின்றான். அந்த நேரத்தில் ஒரு மயில் வேலிக்கு மேலே பறந்து உள்ளே இறங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே அவன் சொன்னான்: "மயிலையும் உள்ள விடாதேன்னுதான் சொல்லியிருக்காங்க, ஐயா. அதுவும் கேக்க மாட்டேங்குது."

கல்லில் உட்கார்ந்திருந்தவள்

வேலியைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. புதிய வழி நீளம் அதிகம். கிராமத்தின் பின்பக்கமாக இறங்கி, பேருந்து திரும்பும் அந்தக் கூரை போன நிறுத்தத்தில் கொண்டுவிடும். அங்கேதான் மோனுவின் அம்மாவைத் தெரிந்துகொண்டோம். பெஞ்சு போன இடத்தில் கிடந்த ஒரே கல்லில், நெற்றிவரை முக்காடு இழுத்து உட்கார்ந்திருப்பாள். நாங்கள் களைத்து வருவதைப் பார்த்தால் எழுந்து விஸ்வநாதனுக்கு இடம் கொடுப்பாள். ஊரில் எல்லோருக்கும் அவள் மோனுவின் அம்மாதான். எங்களுக்கும் அப்படித்தான் ஆனாள். என்னைப் பெரியப்பா முறையில் தாவூ என்பாள்.

சரோஜினி நகரில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு மூதாட்டிக்கு அவள்தான் இரவுத் துணை. மாலைப் பேருந்தில் போவாள், காலைப் பேருந்தில் வருவாள். புருஷன் இல்லை. மோனு இன்னும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறான். மாலைப் பேருந்தை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தியை நடத்துனர் சொன்ன அன்று, எங்கள் கூட்டத்தில் ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். ஷேர் டாக்சி வைக்கலாம், அல்லது வேறு குன்றுக்குப் போகலாம், மெட்ரோவுக்குப் பக்கத்திலேயே ஒரு காடு இருக்கிறது என்றெல்லாம். ஹேமா அதை அவளுக்கு இந்தியில் சொன்னாள். அவள் கோபப்படவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினாள்: "நீங்க வேற குன்று பாத்துக்குவீங்க, தாவூ. நான் வேற ஊரா பாக்க முடியும்?"

காகிதம் வேண்டாம்

மறுநாளே பிரசுரம் தயார். "மக்கள் ஏறும் பேருந்தை மக்களிடமிருந்து பறிக்காதே" என்று தலைப்பு. விஸ்வநாதனையும் ஹேமாவையும் கூட்டிக்கொண்டு டிப்போவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி எங்களை உட்காரவைத்து டீ வரவழைத்தார். டீ கொடுக்கிற அதிகாரியை நான் என்றைக்கும் நம்பியதில்லை. மாலைப் பேருந்தில் நிற்கக்கூட இடமில்லை என்றேன். அவர் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். அந்தப் பேருந்து பெரும்பாலும் காலியாகவே ஓடுவதாக இருந்தது, ஞாயிறு உட்பட. பொய்க்கணக்கு என்று குரலை உயர்த்தினேன். விஸ்வநாதன் என் கையைத் தொட்டுவிட்டு, ஏறுகிற ஆட்களை எப்படிக் கணக்கெடுக்கிறீர்கள் என்று கேட்டார். டிக்கெட்டை வைத்துத்தான் என்றார் அதிகாரி.

ஹேமாவின் முகம் வெளுத்தது. தில்லிப் பேருந்தில் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனால் நடத்துனர் இளஞ்சிவப்பில் ஒரு சீட்டுக் கிழித்துத் தருவார். அது காகித விரயம், காட்டைப் பார்க்கப் போகிற நாம் மரத்தைக் கொன்ற சீட்டை வாங்கலாமா என்று ஹேமாதான் முதல் குளிர்காலத்தில் ஆரம்பித்துவைத்தாள். எங்கள் பெண்கள் எல்லோரும் அவள் பின்னால் நின்றார்கள். நடத்துனருக்கும் நெரிசலில் நுழைகிற வேலை மிச்சம். படித்த பெண்களே வாங்கவில்லையே என்று கிராமத்துப் பெண்களும் விட்டுவிட்டார்கள். ஆண்களில் பாதிப் பேர் பாஸ் வைத்திருக்கும் கிழவர்கள். ஹேமா தட்டுத்தடுமாறி இதைச் சொல்லி முடித்ததும் அதிகாரி சிரிக்காமல் சொன்னார்: "மரத்தைக் காப்பாத்திட்டீங்க, மேடம். பஸ்ஸைத்தான் காலியாக்கிட்டீங்க."

இஞ்சின் சத்தம்

பேருந்து தப்பித்ததா என்று கேட்பீர்கள். இன்றுவரை வருகிறது, அதே கூரையில்லாத நிறுத்தத்துக்கு. ஒரு ஞாயிறு பரிசோதகரை அனுப்புகிறேன், கூடவே அந்த ஊர்க்காரர் ஒருவர் பேருந்து தேவை என்று எழுதித் தரட்டும், வெளியாட்கள் எழுதினால் செல்லாது என்றிருந்தார் அதிகாரி. பரிசோதகர் ஏறிய அன்று எங்கள் பெண்கள் நடத்துனரைத் தேடிப் போய்ச் சீட்டு வாங்கினார்கள். ஹேமா தன் சீட்டை, கோயில் குங்குமத்தை மடித்துவைப்பதுபோல் மடித்து வைத்துக்கொண்டாள். மனுவில் கையெழுத்துப் போட கிராமத்து ஆண்கள் யாரும் முன்வரவில்லை. எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள் இருக்கிறது. மோனுவின் அம்மா முன்வந்தாள்.

என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. யார் கையெழுத்துப் போட்டாலும் அவர் பெயரைச் சாட்சிகள் முன்னால் உரக்கப் படிப்பேன். முன்பு ஒரு வேலைநிறுத்தத்தில் என்னோடு கையெழுத்துப் போட்டவர்கள், விசாரணையில் அது தங்கள் கையெழுத்தே இல்லை என்றார்கள். நான் மட்டும் தற்காலிக நீக்கத்தில் வெளியே போனேன். அதிலிருந்து வந்த வழக்கம். அன்றும் பேருந்தில் எழுந்து நின்று, பெயர் என்ன என்று கேட்டேன். மோனுவின் அம்மா என்று எழுதச் சொன்னாள். பரிசோதகர் அது போதாது என்றார். பக்கத்தில் பல வருடங்களாக அவளோடு பயணம் செய்யும் பெண்களைப் பார்த்தேன், அவர்களுக்கும் தெரியவில்லை. வாழ வந்த மருமகளைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் அந்த ஊரில் இல்லை. நாங்கள் இரண்டு குளிர்காலம் அவள் கல்லில் உட்கார்ந்தவர்கள். எங்களிலும் ஒருவர் கேட்டதில்லை, மக்கள் மக்கள் என்று தொண்டை வறளக் கத்திய நானும்தான்.

அவள் ஹேமாவின் காதில் சொன்னாள். ஹேமா எழுதினாள். மோனுவின் அம்மா தன் கையெழுத்தை மெதுவாகப் போட்டாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பரிசோதகரும் நடத்துனரும் பேருந்து முழுவதும் கேட்க, அந்தப் பெயரை மேடையில் படிப்பதுபோல் படித்தேன். அவள் முக்காட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினாள். அவள் முகத்தை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். "இன்னொரு தரம் படிங்க, தாவூ. இஞ்சின் சத்தத்துல சரியா கேக்கல."

வாழ்நாளெல்லாம் நான் எழுப்பிய முழக்கங்களில், இன்னொரு தரம் சொல் என்று ஒருவர் கேட்டு நான் திரும்பச் சொன்னது இது ஒன்றுதான்: "சர்பதி தேவி."