துரை மண்டி போட்ட மரம்

“ஏ அஞ்சல, நாளைக்குக் காலையில ஒம் புருஷன் கையாலதான் முனியாண்டி மரம் விழப்போவுதாம்டி!” என்று பக்கத்து வீட்டு மாரியாயி மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். சட்டி நழுவி, அரிசியெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. வேறு நாளாக இருந்தால் அதற்கே ஊரைக் கூட்டியிருப்பேன். அன்றைக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முனியாண்டியின் பிள்ளைகளாக இங்கே கூடியிருக்கும் உங்களிடம் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். எனக்கு வாய் நீளம் என்பது தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம். ஆனால் இதில் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லமாட்டேன். சாமி காரியம்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டம் தோட்டமாக ஆட்களை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. சிங்கப்பூருக்கு வடக்கே, காஹாங் பக்கம் வேலை போனவர்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சிங்கப்பூரில் கப்பல் ஏற்றிச் சொந்த ஊருக்கே அனுப்பிவிடுகிறார்கள் என்று பேச்சு. எங்கள் தோட்டம் பாலோ என்ற ஊருக்கு உள்ளே, காட்டை ஒட்டி இருந்தது. என் வீட்டுக்காரர் காத்தமுத்து அங்கே தண்டல். பால் வெட்டுகிற ஆட்களை வேலை வாங்கும் பொறுப்பு அவருக்கு. மேலே வெள்ளைக்காரத் துரை, அவருக்குக் கீழே கணக்கு எழுதும் கிராணி, அப்புறம் இவர், கடைசியில் நாங்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதுதான் அவர் பிழைப்பு. மனுஷர் யாரையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து நான் பேசினேன், வீட்டுக்குள்.

எனக்கு அப்போது வயிற்றில் பிள்ளை. வேண்டாத தெய்வமில்லை, கும்பிடாத கோயிலில்லை என்று கிடந்து பெற்ற வரம். இந்த நேரத்தில் வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும். பிள்ளையை எந்த ரோட்டில் பெறுவது? அந்த ஒரு நினைப்பே என்னைத் தின்றது.

மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். காட்டை அழித்துத் தோட்டம் போட்ட நாளில் அங்கே புலி பயம். முதலில் வந்த ஆட்கள் காட்டோரத்தில் ஒரு ரப்பர் கன்றின் அடியில் கல்லை நட்டு, “முனியாண்டி, நீதாம்ப்பா காவல்” என்று கும்பிட்டார்களாம். அதற்குப் பிறகு புலி அந்த எல்லையைத் தாண்டவில்லை. கன்று வளர்ந்து மரமாயிற்று. சுற்றியுள்ள மரத்திலெல்லாம் பால் வெட்டினோம், அதில் மட்டும் யாரும் கத்தி வைக்கவில்லை, பால் வடிய மங்கும் கட்டவில்லை. கல்லைச் சுற்றிப் பெரணிச்செடி மண்டிக்கிடக்கும். வெள்ளிக்கிழமை ஒரு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, செடியை இழுத்து மூடிவிட்டு வருவோம். தெரியாத கண்ணுக்கு அது சும்மா ஒரு மரம்.

புதிதாக வந்த துரைக்கு அந்தச் சும்மா மரம்தான் கண்ணில் பட்டது. “இதிலே ஏன் பால் வெட்டலே?” என்று கிராணியைக் கேட்டார். சாமி மரம் என்றால் துரை சிரிப்பார், ஆட்களை ஏசுவார் என்று பயந்துபோய் கிராணி ஐயா, “அது சீக்கு மரங்க தொரை” என்று சொல்லிவிட்டார். நல்லதை நினைத்துத்தான் சொன்னார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதையாகிவிட்டது. இந்தத் துரை மரச் சீக்கைப் பற்றி நிறையப் படித்தவராம். வேரில் சீக்கு இருந்தால் பக்கத்து மரத்துக்கும் ஒட்டும், வெட்டி எரித்துவிடு என்று உத்தரவு போட்டுவிட்டார். தண்டல் ஆள் கூட்டி வரவேண்டும். முடியாது என்றால் தண்டலுக்கு இங்கே வேலை இல்லை.

ஆட்களோ, “கோடாலி பட்டுச்சுன்னா அடுத்த நாள் பிரட்டுக்கு ஒருத்தனும் வந்து நிக்கமாட்டோம், தண்டலு” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். பிரட்டு என்றால் விடியற்காலையில் பேர் கூப்பிடுவது. அதில் ஆள் நிற்கவில்லை என்றால் தோட்டமே நின்றதுபோல. கோடாலி பிடிக்கவும் ஒருவரும் வரத் தயாரில்லை. கடைசியில் இவர் தோளுக்கே அது வந்து சேர்ந்தது.

“கிராணி ஐயா தொரைகிட்ட உண்மையச் சொல்லிட்டா என்னங்க?” என்று கேட்டேன்.

“அழுவுறாரு புள்ள. பொய் சொன்னேன்னு எப்படிய்யா போய்ச் சொல்றதுங்கறாரு. அவருக்கும் புள்ளகுட்டி இருக்குல்ல.”

“நீங்க போய்ச் சொல்லுங்க.”

“நானா? கிராணியத் தாண்டிப் போயி தொரைகிட்டப் பேசுறதா? எந்தக் காலத்துல நடந்திருக்கு அது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று கத்திவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடிக்கே போனேன். மந்திரமா தெரியும் எனக்கு? அண்ணன் தம்பியிடம் சண்டை போடுவதுபோலத்தான் கேட்டேன்.

“முனியாண்டி! புலியே ஒனக்குப் பயந்து ஓடுச்சு. ஒரு தொரைக்கு ஒன்னால வழி சொல்ல முடியாதா? எம் புருஷன் கை ஒம் மேல படக்கூடாது. அவரு வேலையும் போகக்கூடாது. ரெண்டும் எனக்கு வேணும். எப்படின்னு என்னைக் கேக்காத, அது ஒம் பாடு!”

சொல்லி முடித்ததும் அழுகை வந்தது. அழுது தீர்த்துவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன், நம்புவீர்களா? பாரத்தை இறக்கிவைத்த பிறகு தூங்காமல் என்ன செய்வது? இவர்தான் புரண்டு புரண்டு படுத்தார்.

காலையில் பிரட்டு முடிந்து எல்லோரும் மரத்தடிக்குப் போனோம். ஒருவர் முகத்திலும் ரத்தமில்லை. இவர் தோளில் கோடாலி. கிராணி ஐயா துரைக்குப் பின்னால் ஒளிகிறார். நான் “முனியாண்டி, முனியாண்டி” என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றேன். இவர் கோடாலியை இறக்கிக் கையில் பிடித்தார்.

“நில்!” என்றார் துரை. “முன்னே வேர் பார்க்கணும். சீக்கு எப்படி இருக்கும், எல்லாரும் பார்த்துப் படிக்கணும்.”

தொப்பியைக் கழற்றிக் கிராணியிடம் கொடுத்தார். கல்லுக்கு நேரே இரண்டு முழங்காலும் மண்ணில் பட மண்டி போட்டார். இரண்டு கையாலும் பெரணியை விலக்கினார். தலையைத் தாழ்த்தி, நெற்றி தரையில் படுகிற அளவுக்குக் குனிந்தார்.

“அடியாத்தீ! தொரை கும்பிடுறாருடி!” என்றாள் மாரியாயி. அவ்வளவுதான். யார் ஆரம்பித்தது என்று தெரியாது, பெண்கள் அத்தனை பேரும் குலவை போட்டுவிட்டோம். ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது.

துரை திடுக்கிட்டுத் திரும்பினார். முகத்தில் மண், கையில் எலுமிச்சம்பழம். “இது என்னா? ரப்பர் மரத்திலே எலுமிச்சம்பழம் காய்க்குமா?” என்றார். அவர் வேரைக் காட்டினார், பட்டையைத் தட்டிக் காட்டினார். “இது நல்ல மரம். தோட்டத்திலேயே நல்ல மரம் இதுதான். சீக்குன்னு யார் சொன்னது?”

கிராணி ஐயா தொப்பியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் வாயைத் திறந்தால் அவர் போவார், திறக்காவிட்டால் பழி தண்டல் மேல் விழுந்து இவர் போவார். அந்த நேரம் என் கால் தானாக முன்னே நடந்தது. “அஞ்சல, வேணாம் புள்ள” என்று இவர் சொன்னது காதில் விழுந்தது. அதற்குள் நான் துரைக்கு எதிரே நிற்கிறேன்.

“தொரை, மரத்துக்குச் சீக்கு இல்ல. எங்களுக்குத்தான் சீக்கு. பயச் சீக்கு. இது எங்க முனியாண்டி இருக்கற எடம். அவருதான் எங்களைக் காக்கறாரு. இதை வெட்டச் சொன்னா நாங்க எல்லாரும் செத்த மாதிரிதான்.”

துரை என்னையும் பார்த்தார், கல்லையும் பார்த்தார். “இதை முன்னே ஏன் சொல்லலே?”

“எங்கே தொரை சொல்றது? நாங்க தண்டலுகிட்ட சொல்லணும், தண்டலு கிராணிகிட்ட, கிராணி ஒங்ககிட்ட. ஒவ்வொரு படியா ஏறும்போதே எங்க பேச்சு தேஞ்சிபோயிடுது. ஒங்க பேச்சு மட்டும் எறங்க எறங்கப் பெருத்துக்கிட்டே வருது!”

இன்றைக்கு நினைத்தாலும் நடுக்கம்தான். அப்படிப் பேச எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? முனியாண்டிதான். வேறு யார்?

துரை மறுபடியும் கல்லுக்குப் பக்கத்தில் குனிந்தார். பிறகு அந்த எலுமிச்சம்பழத்தின் மண்ணைத் தன் சட்டையில் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். “இந்த மரம் உங்க சாமிக்கு. தண்டல், கோடாலியை ஸ்டோரிலே போடு. வேலைக்குப் போ” என்றார். இவர் கோடாலியைப் போட்டுவிட்டுக் குழந்தை மாதிரி விம்மி விம்மி அழுதார். நானும் அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்தே வந்தது.

கிராணி ஐயாவைத் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். போச்சு, அவர் கதை முடிந்தது என்றுதான் நினைத்தோம். துரை கொடுத்த தண்டனை என்ன தெரியுமா? தினமும் பிரட்டில் பேர் கூப்பிட்டு முடிந்ததும், “சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா?” என்று ஆட்களைக் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல், அங்கேயே வந்து நிற்கும் துரைக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

முதல் நாள் எல்லோரும் இருமிக்கொண்டு நின்றோம். அப்புறம் மாரியாயி, பால் குடிக்கிற பிள்ளை உள்ளவர்கள் வேலைக்கு நடுவே, பிள்ளைகளை விட்டிருக்கும் ஆயாக்கொட்டகைக்குப் போய்வர விடவேண்டும் என்று கேட்டாள். துரை சரி என்றார். அதோடு மடை திறந்துவிட்டது. கூரை ஒழுகுது, தண்ணீரில் வாடை, எனக்குக் கொடுத்த மர நிரை தூரம் என்று ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். ஒருவன் தன் பெண்டாட்டி சாம்பாரில் உப்பே போடுவதில்லை என்றான். “அலமாக்! சாம்பாருக்கும் நான்தானா?” என்று மலாய்க்காரர் மாதிரி சொல்லித் துரை தலையில் கை வைத்துக்கொண்டார். கேட்டதில் பாதிக்கு இல்லை என்றுதான் சொன்னார். ஆனாலும் அந்த ‘இல்லை’யை நேராகக் கேட்டபோது எங்களுக்கு வயிறு எரியவில்லை. முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து துரையைத் திட்டுவோம். இப்போது அவர் முகத்தைப் பார்த்தே முணுமுணுக்கப் பழகிவிட்டோம், அவரும் திருப்பி முணுமுணுப்பார்.

எனக்கு அந்த லயத்து வீட்டிலேயே சுகமாகப் பெண் பிறந்தது. முனியம்மா என்று பேர் வைத்தோம். பிறந்த அன்று காலைப் பிரட்டில் கிராணி ஐயா வழக்கம்போலக் கேட்டதும், ஒரு நாளும் வாயைத் திறக்காத என் வீட்டுக்காரர் வரிசையை விட்டு வெளியே வந்தாராம். நேரே துரையிடம், “தொரை, எனக்குப் பொண்ணு பொறந்திருக்கு. நான் வீட்டுக்குப் போகணும்” என்றாராம். தோட்டமே கை தட்டியதாம். அந்தச் சத்தம் லயத்தில் படுத்திருந்த என் காதுக்கும் கேட்டது. நான் கேட்டது மரமும் வேலையும்தான். முனியாண்டி என் புருஷனுக்கு வாயும் சேர்த்துக் கொடுத்துவிட்டான்.

உங்களில் யாருக்காவது மேலே இருப்பவரிடம் பேச நடுக்கமாக இருந்தால், முதலில் முனியாண்டியிடம் போய்ச் சொல்லுங்கள். அழுது சொல்லுங்கள், சண்டை போட்டுச் சொல்லுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனிடம் சொல்லிப் பழகின வாய் அப்புறம் எந்தத் துரைக்கு முன்னாலும் அடைத்துப்போகாது.