முதல் வரிசையில் ஒரு முதுகு

"அத்தனை முதுகுகளில் எனக்குத் தெரிந்தது உங்க முதுகு மட்டும்தான் அத்தா" என்று அன்று என் அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

உத்தமபாளையம். 2004. ஒன்பதாம் வகுப்பு. பெருநாள் தொழுகை நடக்கும் ஈத்கா மைதானத்துக்குப் பெண்கள் போவதில்லை. பக்கத்து நெல் மில்லின் மொட்டை மாடியில், தவிட்டு வாசனைக்கு நடுவே நின்று, பெருநாள் தொழுகையைப் பார்த்தேன்.

அந்தத் தொழுகையின் இரண்டாம் சுற்றில், அதாவது ரக்அத்தில், குனிவதற்கு முன் 'அல்லாஹு அக்பர்' என்று மூன்று தக்பீர் சொல்லிக் கைகளை உயர்த்த வேண்டும். பழக்கத்தில் யாராவது முதல் தக்பீருக்கே குனிந்துவிடுவார்கள். அதனால் தொழுகை தொடங்குமுன் எங்கள் அத்தா மைக்கைப் பிடித்து எச்சரிப்பார்... "மொதத் தக்பீருக்கே குனிஞ்சிராதீக!"

அன்று குனிந்தது அவர்தான்.

தொழுகையில் எல்லாருக்கும் கண் தரையில். பார்த்தது நான் மட்டும்.

அதையே வரைந்தேன். முகம் வரைவது மார்க்கத்தில் கூடாது, வரைய மாட்டேன் என்று அத்தாவிடம் வாக்குக் கொடுத்திருந்ததால் எல்லாம் முதுகுகள். வெள்ளை வெள்ளையாய் வரிசைகள்... முன்னால் ஒரே ஒரு ஊதாச் சட்டை, வளைந்து. வழக்கமாக எதை வரைந்தாலும் முதலில் அத்தாவிடம்தான் காட்டுவேன். இதை மட்டும் காட்டாமல் பள்ளிக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டேன்.

கண்காட்சிக்கு அத்தா, துணிக்கடை வைத்திருந்த காதர் மாமாவுடன் வந்தார். மாமா படத்துக்கு முன் நின்றுவிட்டார்.

"யாருப்பா இது? எல்லாரும் நட்டமா நிக்கிறாக, இவுக மட்டும் குனிஞ்சு செருப்பத் தேடுறாகளா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஊதாச் சட்டை வேற... ஏம்ப்பா, மைக்குல கத்துன ஆளு மாதிரியில்ல இருக்கு?"

"சின்னப்புள்ள... கற்பனையா வரைஞ்சிருக்கு மச்சான்" என்றார் அத்தா. என்னைப் பார்க்கவில்லை.

வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

"எங்கன இருந்து பாத்த?"

"மில்லு மாடியில இருந்து."

கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்கு இது தேனிப் போட்டிக்குப் போகுதாமே. அதுக்குள்ள அந்த ஆள நிமித்தி விட்ருத்தா."

'அந்த ஆள' என்றார். 'என்னை' என்று சொல்லவில்லை.

நான் படம் மாட்டியிருந்த அறைக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை ஓவிய வகுப்பில் தூரிகையை நனைத்துக் கையில் வைத்திருந்தேன். நிமிர்த்துவது ஐந்து நிமிட வேலை. ஆனால் நிமிர்த்திவிட்டால் அவர் கூட்டத்தில் கலந்துவிடுவார். பிறகு அந்த மைதானத்தில் எனக்கென்று யாரும் இல்லை.

"என்னடி, முடிச்சிட்டியா?" என்றார் டீச்சர். தேனிக்குப் போகும் வேன் வாசலில் ஹாரன் அடித்தது.

"முடிஞ்சிருச்சு டீச்சர்."

படம் அப்படியே போனது. இரண்டாம் பரிசு. வாங்க அம்மாதான் வந்தார்.

இப்போது நான் வரைந்த ஒரு படத்தை ஃபோனில் போட்டால் யார் யாரோ பார்க்கிறார்கள், நன்றாயிருக்கிறது என்கிறார்கள்.

அத்தா அதற்குப் பிறகு ஒருமுறைகூட "என்னத்தா வரைஞ்ச, காட்டு" என்று கேட்டதில்லை. நானும் காட்டியதில்லை.